மஞ்சள் கட்டம்

பொத்தான் அமுங்கியது. படம் விழவில்லை.

அன்புச்செல்வன் இன்னொரு தரம் அமுக்கினான். கேமராவின் நெற்றியில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. அவ்வளவுதான்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், சாய்ந்துவிடாதபடி மார்பைச் சுற்றி வேட்டியால் கட்டப்பட்டு, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தோடு அவன் மாமனார் பாவாடை உட்கார்ந்திருந்தார். தாடையைத் தூக்கித் தலையோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உயிர் போனது முந்தின நாள் சாயங்காலம். எடுப்பதற்கு முன்னால் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தப் படத்துக்காகப் பாவாடையின் குடும்பம் அழுகையைச் சற்று நிறுத்திவைத்துக்கொண்டு நின்றது.

"எடுத்தாச்சா மாப்ள?" என்றான் பகலவன். பாவாடையின் மூத்த மகன். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. நாலு ஏக்கருக்கு அப்பால் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"இதோ ஆச்சு மச்சான். அப்பிடியே நில்லுங்க."

"எவ்ளோ நேரம் நிக்கிறது? மூணு மணிக்கு எடுக்கணும். இப்பவே ஒண்ணர."

அன்று முகூர்த்த நாள். வடக்கனந்தலில் இருந்த இரண்டு ஸ்டுடியோக்காரர்களும் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள். பகலவனின் போனிலும் கேமரா இருந்தது. அதில் எடுத்தால் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கண்ணீர் அஞ்சலி பேனருக்காகப் பாவாடையின் வாக்காளர் அட்டையைப் பார்த்த பேனர்காரர், இதைப் பெரிசு பண்ணினால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி வரும் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் பேனருக்காக மட்டும் அன்புச்செல்வன் இவ்வளவு வியர்க்கவில்லை. காலையில் அவன் வந்து இறங்கியதும் மாமியார் பெரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள். கல்யாணமான எட்டு வருஷத்தில் அவள் அவனிடம் நேராகக் கேட்ட முதல் காரியம் அது.

"மாப்ள, நானும் அவரும் ஒண்ணா ஒரு படங்கூட இல்ல. உங்ககிட்ட சிங்கப்பூர் பொட்டி இருக்குதாமே. ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"அதுக்கின்னா அத்த, பத்து எடுத்துத் தரேன்" என்று சொல்லியிருந்தான்.

உள்ளங்கை அளவு வெள்ளிநிற டிஜிட்டல் கேமரா அது. அவனுடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அன்புச்செல்வன் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவன். கேமராவை மெத்தென்ற உறையில் வைத்து, உறையை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவைப் பீரோவில் வைத்திருந்தான். அதில் மொத்தம் பதினோரு பொத்தான்கள். அவனுக்குத் தெரிந்தவை இரண்டு: ஒன்று உயிர் கொடுக்கும், மற்றது படம் எடுக்கும். மேலே பல்வைத்த சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி மலை, நிலா, ஓடுகிற மனிதன், பூ, முகம் என்று குட்டிக் குட்டிப் படங்கள். அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்திருந்தான். இன்று அவசரத்தில் உறையை விட்டுவிட்டு, சட்டைப் பையில் கேமராவைப் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டி வந்திருந்தான். வழி நெடுக அந்தச் சக்கரம் பைத் துணியில் உரசி ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது அவனுக்குத் தெரியாது.

தெரிந்த இரண்டு பொத்தானும் கைவிட்டதால் மற்ற ஒன்பதில் தேடத் தொடங்கினான். பின்புறம் முக்கோணம் போட்ட ஒன்றை அமுக்கினான். பழைய படம் ஒன்று வந்தது. சரி, திரும்பிவிடலாம் என்று நடுவில் இருந்த வட்டப் பொத்தானை அமுக்கினான்.

கேமரா பாட ஆரம்பித்தது.

சர்க்கஸில் கோமாளி வரும்போது வாசிப்பார்களே, அந்த மாதிரி துள்ளலான ஒரு இசை. அதன் தாளத்துக்குத் திரையில் படங்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்தன. போன வருஷம் கல்வராயன் மலைக்குப் போய் மேகம் அருவியில் குளித்த படங்கள். அரை டிராயரோடு அன்புச்செல்வன். ஈரத் தலையோடு அன்புச்செல்வன். பாறையில் வழுக்கி விழப்போகும் அன்புச்செல்வன்.

வாசலில் மேளக்காரர்கள் கோலைத் தூக்கியபடியே நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா மாப்ள அது பாட்டு?" என்றான் பகலவன்.

"நின்னுடும் மச்சான்."

நிற்கவில்லை. எதை அமுக்கினாலும் சத்தம் ஏறியது. கேமராவை அக்குளில் இடுக்கிக்கொண்டான். அக்குளுக்குள்ளிருந்து கோமாளி வாசித்தான். பந்தலில் உட்கார்ந்திருந்த ஐம்பது அறுபது பேரும் ஒரே திசையில் திரும்பி, அவன் கையிடுக்கைப் பார்த்தார்கள்.

"மாப்ளைக்கு மாமனார் மேல பாசம் ஜாஸ்தி" என்றாள் பக்கத்து வீட்டு இருசம்மாள். "பேண்டு செட்டு வெச்சு அனுப்புறாரு."

வேறு வழியில்லாமல் அடிமூடியைத் திறந்து பேட்டரியை உருவினான். பாட்டு பாதியில் செத்தது. பெருமூச்சு விட்டு மறுபடி பேட்டரியைச் செருகி உயிர் கொடுத்தான். கேமரா அவனை முன்பின் பார்த்திராததுபோல் என்னென்னவோ கேட்டது. தேதி கேட்டது, நேரம் கேட்டது, பாஷை கேட்டது. பகலவன் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டதால், எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்று வட்டப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனான்.

கேள்விகள் தீர்ந்தபோது திரை முழுக்கச் சீன எழுத்து.

அதோடு புதிதாக இன்னொன்றும் கண்ணில் பட்டது. நிற்பவர்களின் முகத்தின்மேல் மஞ்சளாக ஒரு சதுரக் கட்டம். அது பகலவன் முகத்தில் நின்றது. பிறகு அன்புச்செல்வனின் மனைவி கலையரசி முகத்துக்குத் தாவியது. அங்கிருந்து பாவாடையின் முகத்துக்குப் போய் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. திரையின் இடது ஓரத்தில் வெப்பமானி மாதிரி ஒரு கம்பி. பகலவன் துக்கம் தாளாமல் உதட்டைக் கோணியபோது கம்பி பாதிவரை ஏறி, அவன் மூக்கைச் சிந்தியதும் இறங்கிவிட்டது. பேட்டரி தீரப்போகிறது என்று எடுத்துக்கொண்டான்.

"ஒரு அஞ்சு நிமிஷம் மச்சான். ஸ்டுடியோக்காரர கேட்டுட்டு வந்துடறேன்."

"அப்பன அப்பிடியே ஒக்கார வெச்சிகினா?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று சொல்லிவிட்டான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெரியம்மாளை ரெண்டு வாய்த் தண்ணீர் குடிக்கவைக்கவேண்டும் என்று பெண்கள் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அன்புச்செல்வன் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனான். அங்கே மரவள்ளிக் குச்சி அடுக்கியிருந்த மேட்டில் ஏறி நின்றால்தான் போனில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். கள்ளக்குறிச்சி ஸ்டுடியோ அய்யப்பனைக் கூப்பிட்டான். உரக்கடைக்கு எதிர்க்கடை.

"அண்ணே, அன்பு பேசறேன். உரக்கட."

"சீக்கிரம் சொல்லு அன்பு. தியாகதுருகத்துல கல்யாணம். பொண்ணு மாப்ளய நிக்க வெச்சிருக்கேன்." பின்னால் நாதஸ்வரம் பிளிறியது.

"என் கேமரா எடுக்க மாட்டேங்குதுண்ணே."

"திரையில இன்னா தெரியுது?"

"சீனாக்காரன் எழுத்து."

"எழுத்த வுடு. படம் எதனா?"

"மூலையில ஒரு மூஞ்சி இருக்குது. பல்லக் காட்டிக்கினு."

"ஓரத்துல ஒரு கம்பி ஏறி எறங்குதா?"

"ஆமாண்ணே. பேட்டரி."

"பேட்டரி இல்லடா, அது சிரிப்ப அளக்குது. நீ சிரிப்பு மோடுல வெச்சிருக்க. அதுல நீ அமுக்கினா எடுக்காது. எதுக்க நிக்கிறவங்க சிரிச்சா தானா எடுத்துக்கும்."

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. "கேக்கலண்ணே. கத்திச் சொல்லு."

"சிரிக்கணும். யாராச்சும் சிரிக்கணும்."

"சிரிச்சாத்தான் எடுக்குமா?" என்று அன்புச்செல்வனும் கத்தினான். "அழுதா எடுக்காதா? ஒருத்தர் சிரிச்சாப் போதுமா, அத்தினி பேரும் சிரிக்கணுமா?"

"ஒருத்தர் போதும். பல்லு தெரியணும். இன்னா விசேஷம் அங்க?"

"மாமனார் செத்துட்டாருண்ணே."

மறுமுனையில் நாதஸ்வரம் தள்ளிப் போனது. பிறகு அய்யப்பன் மெல்லச் சொன்னான். "இங்க கல்யாணப் பொண்ணே சிரிக்க மாட்டேங்குது. காலையிலேருந்து கெஞ்சிக்கினு இருக்கேன். உனக்கு இன்னா வழி சொல்றது? மேல சக்கரம் இருக்குது பாரு, அதத் திருப்பிடு."

சக்கரம் அசையவில்லை. வழி நெடுக நகர்ந்து வந்தது இப்போது பிடிவாதமாக நின்றது. வண்டிச் சாவியைப் பல்லிடுக்கில் கொடுத்து நெம்பினான். உள்ளே எதுவோ டப்பென்று உடைந்தது. அதற்குப் பிறகு சக்கரம் மிக இலகுவாகச் சுற்றியது. பம்பரம் மாதிரி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றியது. மலை வந்தது, நிலா வந்தது, பூ வந்தது. திரையில் மட்டும் அந்த மூஞ்சி பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது.

"சுத்துதுண்ணே. ஆனா மாறல."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. யாரையாச்சும் சிரிக்க வை" என்று சொல்லிவிட்டு அய்யப்பன் போனை வைத்துவிட்டான்.

அன்புச்செல்வன் மேட்டிலிருந்து இறங்கினான். சாவு வீட்டில் ஓர் ஆளைச் சிரிக்கவைக்க வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்துக்குள். பல் தெரிய.

முதலில் தானே சிரித்துவிடுவது என்று முடிவு செய்தான். இரண்டு நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, கேமராவை அதன்மேல் வைத்து, தானும் வரிசையில் போய் மச்சான் பக்கத்தில் நின்றான். "இது தானா எடுக்கும். எல்லாரும் நேராப் பாருங்க." எல்லாரும் நேராகப் பார்த்தார்கள். அவன் மெல்ல உதட்டை விரித்தான். விளக்கு மினுக்கியது. இன்னும் கொஞ்சம் விரித்தான்.

"இன்னா மாப்ள, சிரிக்கிற?"

பகலவன் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பல்லு வலி மச்சான்."

"பல்லு வலிக்கு எவனாச்சும் பல்லக் காட்டுவானா?"

"காத்து பட்டா நல்லாருக்குது."

பகலவனின் கை முஷ்டியாவதைப் பார்த்து அன்புச்செல்வன் உதட்டை மூடிக்கொண்டான். பந்தலில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பாட்டுப் போட்டான், இப்போது சிரிக்கிறான். மாமனார் சொத்து எதுவும் எழுதி வைத்திருக்கிறாரா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். என்ன சொத்து, ரெண்டு ஆடு இருக்கிறது என்றார் மற்றவர்.

அடுத்து மனைவியைத் தனியாகக் கூப்பிட்டான். கலையரசி காலையிலிருந்து அப்பாவின் காலடியை விட்டு நகரவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"கலை, ஒரே ஒரு உதவி. நான் கேமராவத் தூக்கினதும் நீ கொஞ்சம் சிரிக்கணும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"லேசா போதும். பல்லு தெரியணும்."

"எங்கப்பன் செத்துக் கெடக்குறாரு" என்றாள் மெதுவாக. "எட்டு வருஷத்துல ஒரு நாள் என்ன சிரிக்க வெச்சிருப்பியா நீ? இன்னிக்கா உனக்குக் கேக்குது?"

"எனக்கு இல்ல கலை, கேமராவுக்கு."

"கேமரா கேக்குதாம். நாளைக்குக் கேமராவே உனக்குச் சோறு ஆக்கிப் போடும்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் காலடிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

மணி இரண்டே கால். குளிப்பாட்டுவதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் வந்துவிட்டது. பாடைக்குப் பூ சுற்றி முடித்துவிட்டார்கள். மலைப்பக்கம் மேகம் கூடிக்கொண்டு வந்தது.

"மாப்ள, கடைசித் தடவ கேக்குறேன்" என்றான் பகலவன். "படம் எடுக்கிறியா, நாங்க எடுக்கட்டுமா?"

பகலவன் எடுப்பதாகச் சொன்னது படத்தை அல்ல.

உள்ளேயிருந்து பெண்கள் வந்தார்கள். இருசம்மாள் பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பெரியம்மாள் புருஷனின் தோளில் கையை வைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்க அன்புச்செல்வனுக்குத் தைரியம் இல்லை. பத்து எடுத்துத் தருகிறேன் என்று காலையில் சொன்ன வாய் அவனுடையதுதான். கேமராவைத் தூக்கினான். விளக்கு மினுக்கியது. இன்னும் எந்தப் பொத்தானாவது மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து, கேமராவைக் கவிழ்த்து அடியில் பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். மறுபடி தூக்கினான். மறுபடி கவிழ்த்தான். பந்தல் மொத்தமும் அந்தக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை வெறுமனே தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

பளிச்சென்று ஒரு வெளிச்சம். கிளிக்.

அன்புச்செல்வன் கண்ணைத் திறந்தான். அவனுடைய வாய் அவனைக் கேட்காமலே பேசிவிட்டது.

"யாரு சிரிச்சது?"

"இன்னா கேட்ட?" என்றான் பகலவன்.

மறைக்க முடியவில்லை. யாராவது சிரித்தால்தான் இது படம் எடுக்கும் என்பதை அவன் எச்சிலை விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தான். பகலவனின் முகம் சிவந்துகொண்டே போனது.

"எங்கப்பன் சாவுல பல்லக் காட்டினவன் எவன்?"

"நான் இல்லப்பா" என்றாள் இருசம்மாள் முதல் ஆளாக. "நான் சிரிச்சா சத்தம் தெருவுக்குக் கேக்கும்."

பகலவன் திரும்பித் தம்பியைப் பார்த்தான். தம்பி அய்யனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவன். "மூணு வருஷமா அப்பன எட்டிப் பாக்காதவன் நீதான."

"நான் எதுக்குச் சிரிக்கிறேன்? நீ அழுதாலே சிரிக்கிற மாதிரிதான் இருக்குது. கண்ணாடியில பாத்ததில்லயா?"

பகலவன் அவன் சட்டையைப் பிடித்தான். நாலு பேர் நடுவில் விழுந்தார்கள். பாவாடையின் நாற்காலி ஆடியது. கலையரசி ஓடிப்போய் அப்பாவைத் தாங்கிக்கொண்டாள்.

"அடிச்சுக்காதீங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர். "கேமராவிலதான் படம் இருக்குதே. யாரு பல்லு தெரியுதுன்னு பாத்துட்டாப் போச்சு."

எல்லாரும் அன்புச்செல்வனைப் பார்த்தார்கள். அவனுக்கு வேறு வழியில்லை. முக்கோணப் பொத்தானை ஒரே ஒரு தரம், மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினான். நல்லவேளை, பாடவில்லை. படம் வந்தது.

இருபத்தொரு பேர் நின்றிருந்தார்கள். இருபது முகங்கள் அழுது வீங்கியிருந்தன. ஒரு முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் இல்லாவிட்டாலும் இருந்த பல் எல்லாம் தெரிந்தது. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடக்க, புருஷனின் தோளில் கைவைத்தபடி, பெரியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி அப்படி இல்லை. கல்யாணப் பொண்ணு மாதிரி.

அன்புச்செல்வன் திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து பாவாடை ஊரில் நல்ல மனிதர், வீட்டில் முசுடு. சந்தைக்குப் போனால் பெண்டாட்டிக்கு இருபதடி முன்னால் நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். குழம்பில் உப்பு கம்மி என்று சட்டியைக் கொல்லையில் வீசியவர். ஒரு கோழி தொலைந்ததற்காக எட்டு மாசம் அவளோடு பேசாமல் இருந்தவர். இதையெல்லாம் கலையரசி அவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நாற்பது வருஷமாக இந்த அம்மா இந்த நாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாளா? காலையிலிருந்து வைத்த ஒப்பாரி எல்லாம் பொய்யா? நிமிர்ந்து பார்த்தான். மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னா மாப்ள, எவ்ளோ நேரம் பாப்ப? காட்டு" என்று பகலவன் கையை நீட்டினான்.

இதை இவன் பார்த்தால் இந்தக் குடும்பம் இன்றோடு முடிந்தது. நாளைக்கு வடக்கனந்தல் கடைவீதி முழுக்க இதுதான் பேச்சு. அன்புச்செல்வனின் விரல் பதற்றத்தில் பொத்தானைச் சுற்றியிருந்த வளையத்தைத் தள்ளியது. படம் பெரிதானது. இன்னும் தள்ளினான். ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம் திரையைவிட்டு வெளியே போய், நடுவில் பாவாடையின் முகம் மட்டும் நின்றது. தாடைக்கட்டு இழுத்த இழுப்பில் உதட்டின் இரண்டு ஓரமும் லேசாக மேலே தூக்கியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேமரா அவன் சொன்னதைக் கேட்டிருந்தது.

"மாமாதான் சிரிச்சிருக்காரு" என்றான்.

கூட்டம் பின்னால் ஒரு அடி நகர்ந்தது. மேளக்காரர் ஒருவர் செருப்பைத் தேடினார்.

பகலவன் திரையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். ஆள்காட்டி விரலை அப்பாவின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தான். ரிஷிவந்தியத்திலிருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரர் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உயிர் இல்லை. ஆனால் சிரிப்பு இருக்கிறது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு ஜாஸ்தியானது.

"சாமியாயிட்டாரு" என்று முதலில் கையெடுத்துக் கும்பிட்டவள் இருசம்மாள்தான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. கலையரசி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பகலவன் தம்பியின் தோளில் சாய்ந்து குலுங்கினான்.

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னத பாத்துட்டாருடா. அதான் சிரிச்சிருக்காரு."

"வுடுண்ணே" என்றான் அய்யனார். அவனும் அழுதான்.

யாரோ ஒரு கிழவர் குங்குமம் கொண்டுவந்து கேமராவின் நெற்றியில், அந்த ஆரஞ்சு விளக்குக்கு மேலே, ஒரு பொட்டு வைத்தார்.

குளிப்பாட்டும் வேலை தொடங்கியது. அன்புச்செல்வன் நழுவிக் கொல்லைக்கு வந்து மரவள்ளிக் குச்சி மேட்டில் உட்கார்ந்தான். படத்தைத் திரும்பச் சின்னதாக்கினான். பெரியம்மாள் மறுபடி ஓரத்திலிருந்து வந்து சிரித்தாள். சாயங்காலம் பேனர்காரரிடம் இந்தப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் போட்டால் சுவர் அளவுக்குத் தெரியும். கொடுக்காமல் இருந்தால் பகலவன் கேட்பான். அழித்துவிட்டால், கேமரா ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அத்தையும் மாமாவும் ஒன்றாக இருக்கும் ஒரே படம் இதுதான். இனிமேல் எடுக்கவும் முடியாது.

பின்புறம் மூலையில் குப்பைத்தொட்டி படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. பதினொன்றில் அவனுக்கு எடுத்த எடுப்பில் புரிந்தது அது ஒன்றுதான். அமுக்கினான். திரையில் சீன எழுத்தில் இரண்டு வரிகள் வந்தன. ஒன்று அழிக்கும், ஒன்று அழிக்காது. எது எது என்று தெரியவில்லை. கட்டைவிரல் வட்டப் பொத்தானுக்கு மேலே நின்றது. மேல் வரிக்குப் போனான். கீழ் வரிக்கு வந்தான். மறுபடி மேல் வரிக்குப் போனான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று கேமராவை அணைத்துப் பையில் போட்டான்.

இருசம்மாள். இடுப்பில் காலிக் குடம்.

"படத்தக் காட்டு மாப்ள. நான் சரியாப் பாக்கல."

"அதான் பாத்தீங்களே. மாமா சிரிச்சது."

"உன் மாமனாரு உயிரோட இருக்கும்போதே சிரிச்சதில்ல. செத்தப்புறமா சிரிக்கப் போறாரு?" குடத்தைத் தரையில் வைத்தாள். "உன் மாமியா சிரிச்சதக் காட்டு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மெதுவாப் பேசுங்க, மச்சான் காதுல வுழுந்தா அத்தைய உசுரோட வுட மாட்டாரு. இத நான் யாருக்கும் சொல்லல. அவங்க மனசுல இன்னா இருந்துச்சோ, அவ்ளோ வருஷக் கஷ்டம், நான் தப்பு சொல்லல. அழிச்சிடலாம்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

இருசம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இங்க நின்னு போன்ல போட்ட கூச்சல் உள்ள இருந்த பொம்பளைங்க அத்தினி பேருக்கும் கேட்டுச்சு மாப்ள, யாரு சிரிச்சாலும் ஊரு பேசுமேன்னு நாங்க நடுங்கிக்கினு இருந்தப்ப, 'எனக்கு அவருகூட ஒரு படம் வோணும், நானே சிரிக்கிறேன்'னு சொல்லிட்டுத்தான் உன் மாமியா எழுந்து வந்தா, வந்து நெஞ்சு வெடிக்க மூணு தடவ சிரிச்சா, ரெண்டு தடவ நீதான் பொட்டியக் கவுத்துப் போட்டு அடியில பாத்துக்கினு இருந்த."